இரண்டு கடலுக்கு ஒரு சோடி போதுமா?

ஓகஸ்ட் மாதம் வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் நிரம்பிவிடும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்திறங்கும் பேரப்பிள்ளைகளின் பெட்டிகளில், சொக்கலேட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவே, ஸ்நோர்க்கல் குழாயும் முகமூடியும் புத்தம்புது ஃபின்ஸும் கிடக்கும். காலி வீதியிலிருந்து ஏதாவதொரு ஒழுங்கையில் இறங்கி மரைன் டிரைவையும் ரயில் பாதையையும் கடந்தால் கடல். ஆனால் அந்த மாதத்தில் அது கால் நனைக்கவும் பயப்பட வேண்டிய கடல். சோளகம் அடித்துக்கொண்டிருக்கும், தண்டவாளத்தைக் காக்கக் கொட்டிய கருங்கற்களில் அலை ஏறி விழும், தண்ணீர் மண்ணிறமாகக் கலங்கியிருக்கும். அதே வாரம் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் கடல் அடி தெரியக் கிடக்கும்.

நவம்பரில் கணக்கு மாறும். வாடை தொடங்கிக் கிழக்கு குழம்ப, மேற்கும் தெற்கும் தெளியத் தொடங்கும். ஏப்ரல் வரை கொழும்பு, ஹிக்கடுவை, கற்பிட்டி; மே முதல் செப்ரெம்பர் வரை நிலாவெளி, பாசிக்குடா. கொழும்பில் குடியிருந்துகொண்டு கடலுக்கடியைப் பார்க்க ஆசைப்படுபவருக்கு வாய்த்தது இப்படி இரண்டு கடல்கள். அவை ஆழத்திலும் ஒன்றல்ல, அடியில் இருப்பதிலும் ஒன்றல்ல. ஆகவே கால்துடுப்பு வாங்கப் புறப்படுபவர் கடைக்கு முன்னால் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. “எந்தக் கொம்பனி நல்லது?” என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டியது. எந்தக் கடலில், எந்த ஆழத்தில், எப்படிப்பட்ட காலுக்கு என்பவை அதற்கு முன்னால் வரும்.

கால்துடுப்பு அவ்வளவு பழைய பொருளல்ல. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் இறங்கிக் கயிற்றின் இழுப்பில் ஏறினார்கள். அவர்களின் கால்களுக்குத் துடுப்பு வேலை இருக்கவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ நீந்துவோருக்கான றப்பர் துடுப்புக்கு 1933-இல் காப்புரிமை பெற்றார். அவரிடம் உரிமம் வாங்கிய அமெரிக்கர் ஓவன் சேர்ச்சில் 1940-இல் விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் கடற்படை நீச்சல்காரர்களின் கால்களில் அவை ஏறின. மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரையில் சங்கும் கடலட்டையும் எடுக்கக் குளிப்பவர்களோ, அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு அதே வேலையை முடித்துக்கொண்டார்கள். ஒரு தகடு போதுமென்றால், கடையில் தொங்கும் துடுப்புகளின் விலை இப்படி ஏறி இறங்குவானேன்? காலுக்கும் தண்ணீருக்கும் இடையில் பெலத்தை எப்படிக் கடத்துவது என்பதில்தான் வித்தியாசமெல்லாம் இருக்கிறது.

அந்தப் பெலத்துக்குச் சிலிண்டரில் ஒரு விலை உண்டு. பொழுதுபோக்குச் சுழியோடிகளிடம் பரவலாக உள்ள அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லீற்றர். அதை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பி, 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால், செலவழிக்க 1,650 லீற்றர் காற்று மிஞ்சும். 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் அங்கே 80 லீற்றர் இழுப்பார். 1,650 லீற்றர் அவருக்கு 20 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டி வரும். காலுக்கு ஒத்துவராத துடுப்போடு மல்லுக்கட்டி அவரின் மூச்சு 30 லீற்றருக்கு ஏறினால் 14 நிமிடம்கூட இல்லை. இறங்குவதும் ஏறுவதும் இந்தக் கணக்குக்குள்தான். படகுக்குக் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கைத் துடுப்பு தின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

குதிக்கால் மூடியதா, திறந்ததா?

முதல் பிரிவு இதுதான். ஒரு வகை, சப்பாத்தைப் போல் பாதம் முழுவதையும் மென்றப்பரால் மூடும், வெறுங்காலில் போடுவது. மற்றதில் குதிக்கால் பக்கம் திறந்திருக்கும். பின்னால் ஒரு பட்டி இழுத்துப் பிடிக்கும். உள்ளே நியோப்ரீன் சப்பாத்து போட்டாக வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் இரண்டாவதைத் தேர்வது குளிருக்காக. இலங்கையைச் சுற்றியுள்ள கடல் ஆண்டின் பெரும்பகுதி 27, 28 பாகை செல்சியஸில் நிற்பதால் குளிர் இங்கே ஒரு காரணமே அல்ல. கனடாவிலிருந்து வரும் 5 மில்லிமீற்றர் சப்பாத்து இங்கே காலை அவிக்கும்; 3 மில்லிமீற்றர் தாராளம்.

ஆனால் சப்பாத்துக்கு வேறொரு நியாயம் இருக்கிறது: கரை. நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் புறாத்தீவு 1963-இல் சரணாலயமாகி, 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். படகு இறக்கிவிடும் சிறு கடற்கரையில் மணலைவிடச் செத்த முருகைக்கல் துண்டுகள் அதிகம். வெறுங்காலோடு நாலு எட்டு வைத்தவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுவதைக் காணலாம். தண்ணீருக்குள் பத்து மீற்றர் நகர்ந்ததுமே உயிருள்ள முருகைக்கல் வயிற்றை உரசும் ஆழத்துக்கு ஏறி வரும். இந்த இடத்துக்கு முழுப்பாதத் துடுப்பே நல்லது. ஆனால் கரையில் நடக்கத் தடித்த அடியுள்ள செருப்பொன்று கூட வேண்டும். சப்பாத்தோடு போடும் திறந்த குதிக்கால் வகையும் பழுதில்லை. பாதத்துக்கு முன்னால் நீளும் மடல் மட்டும் நீளமாக இருக்கக் கூடாது.

ஏன் என்பதை ஹிக்கடுவையில் பார்க்கலாம். வெள்ளவத்தையிலிருந்து காலிப் பக்கம் ரயிலேறிப் போய்த் திரும்பும் தூரத்தில் இருப்பதால் கொழும்புக்காரரின் முதல் ஸ்நோர்க்கல் அனுபவம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. 1979-இல் சரணாலயம், 2002-இல் தேசியப் பூங்கா என்று பாதுகாப்பு வந்தும், 1998-இன் வெப்ப அலையில் வெளிறியதும் மனிதக் கால்களும் சேர்ந்து அந்த முருகைக்கற்பாறையை நலிய வைத்திருக்கின்றன. இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சு முட்டியதும் புதியவர் செய்வது எழுந்து நிற்பது. துடுப்போடு நிற்கும்போது இரண்டு பெரிய தட்டுகள் அடியில் இருப்பதை நெரிக்கும். நீண்ட மடல் இருந்தால் நிற்கவே வேண்டாம், சும்மா உதைத்தாலே கிளை முருகைக்கல் முறியும். ஆழமில்லாத இடத்துக்குக் குட்டையான, வளைந்து கொடுக்கும் மடல் வாங்கச் சொல்வது நீந்துபவரின் கெண்டைக்காலுக்காக மட்டுமல்ல.

மூழ்கிய கப்பல்களிடம் போகும்போது

மேற்குக் கடல் வேறு கதை. கொழும்புத் துறைமுகம் நூற்றாண்டுகளாகக் கப்பல்கள் நெரிசல்படும் இடம். அவற்றில் சில திரும்பிப் போகவில்லை. 1917 பெப்ரவரியில் ஜேர்மானியக் கப்பல் வோல்ஃப் இரகசியமாக விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளில் சிக்கி வுஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரு பிரித்தானியக் கப்பல்கள் சில நாள் இடைவெளியில் மூழ்கின. 2012 ஓகஸ்ட்டில் தெர்மோபிலே சியெரா என்ற கப்பல் பாணந்துறைக்கு அப்பால் மூழ்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து பார்த்தால் கிரேன்கள் தெரியும் அந்தத் துறைமுகத்தைச் சுற்றி, கார்கள் ஏற்றிவந்து அடியில் கிடக்கும் சரக்குக் கப்பல் உட்பட, சுழியோடிகள் தேடிப்போகும் சிதைவுகளில் பல 30 மீற்றர் அளவில் இருக்கின்றன. பெர்சியஸ் 40 மீற்றரை ஒட்டி; வுஸ்டர்ஷயர் 50-ஐயும் தாண்டி. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் உச்ச எல்லை 40 மீற்றர். தொடக்கநிலைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு 18 மீற்றர்தான். வுஸ்டர்ஷயரை மறந்துவிட்டுத் துடுப்புக் கதையைத் தொடர்வது நலம்.

இங்கே கரையிலிருந்து நடந்து இறங்குவது கிடையாது. படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாக விழுவதுதான். விழுந்த இடத்துக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் நடுவே நீரோட்டம் இருக்கலாம். சிலிண்டர், ஈயம், சட்டை எல்லாவற்றோடும் ஐம்பது மீற்றர் எதிர்த்து நீந்த வேண்டி வந்தால், ஹிக்கடுவையில் இதமாக இருந்த, வளைந்து கொடுக்கும் குட்டை மடல் வெறுமனே தண்ணீரைத் தடவும். ஆகவே மேற்குக் கடலுக்குச் சற்று விறைப்பான, அகலமான மடலும், சப்பாத்தோடு போடும் திறந்த குதிக்காலும் பொருத்தம். சப்பாத்துப் போட்ட காலோடு ஆடும் படகில் நடமாடுவதும் சுலபம்.

சிதைவுகளின் மேல் படிந்திருக்கும் வண்டலும் கணக்கில் வர வேண்டும். கால்களை மேலும் கீழுமாக மாறிமாறி உதைப்பவர் பின்னால் வருபவருக்குப் புழுதிதான் காட்டுவார். முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் தள்ளும் தவளை உதை அடிமண்ணைக் கிளப்பாது. நின்ற இடத்தில் திரும்பவும் பின்னோக்கி நகரவும் பழகியவருக்கு அதுவே வழி. அந்த உதைகளுக்கு மடல் விறைப்பாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். துளைகள் கொண்ட கறுப்பு றப்பர் துடுப்பான ஜெட்ஃபின் இதற்குப் பேர்போனது. பிரெஞ்சுக்காரர் ஜோர்ஜ் புஷா 1960-களின் நடுவில் கொண்டுவந்த அந்த வடிவம் இன்னமும் விற்பனையில் இருக்கிறது; அறுபது வருடம் தாக்குப்பிடித்த உபகரணம் இந்தத் துறையில் அதிகமில்லை. ஆனால் ஒரு சோடி இரண்டு கிலோவைத் தாண்டும். மெல்லிய 3 மில்லிமீற்றர் சப்பாத்து போட்ட சிறிய பாதம் அதன் அகன்ற பாதக்கூட்டுக்குள் ஆடவும் கூடும்.

மடல் நடுவில் பிளந்த வகை 1990-களின் பிற்பகுதியில் வந்தபோது பெரிய அலை எழுந்தது. உதைக்க இலேசு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், பழகாத கால்களுக்கும் அது உண்மையாகவே நல்ல தெரிவு. பிளவு மடலைக் கொண்டு நேராகப் போகலாம். தவளை உதையும் பின்னோக்கி நகர்வதும் சரிவராது. கொழும்புச் சிதைவுகளில் இன்னொரு வில்லங்கம் மீன்வலை. அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் இரும்பில் சிக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். பிளவிலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டி நுனியிலும் மாட்டிக்கொள்ள அவற்றுக்குக் கனநேரம் எடுக்காது. பிளாஸ்டிக் கொளுக்கிப் பட்டியைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் பட்டி மாற்றிக்கொள்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. கூரையிலும் படகிலும் வெயிலில் காய்ந்த றப்பர் பட்டி சொல்லாமல் கொள்ளாமல் அறும் என்பது இரண்டாவது.

சுவாசம் அடக்கிக் குளிப்பவர்களின் நீண்ட மடல்களைப் பார்த்து மயங்குவோர் உண்டு. காபன் இழையில் செய்த அந்த அழகான பொருள் படகின் ஒடுங்கிய தட்டில் எல்லோரின் காலையும் இடறும். முருகைக்கல் மேல் அதை வீசுவது குற்றத்துக்குச் சமம். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் அதை விட்டுவிடலாம்.

கால் சொல்வதைக் கேட்க வேண்டும்

கடல் தீர்ந்த பிறகு கால். செருப்பிலேயே வளர்ந்த நம்மவரின் பாதம் முன்பக்கம் அகலமானது. ஐரோப்பியக் கொம்பனிகள் சிலவற்றின் முழுப்பாதக் கூடு ஒடுங்கியது. 41-42 என்று அச்சிட்டிருப்பதை நம்பி இணையத்தில் வாங்கியவரின் சின்ன விரல் இரண்டாம் நாளே கொப்புளம் போடும். இந்த வகையைக் காலை நனைத்துக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உலர்ந்த கால் உள்ளே சரியாக நுழையாது. விரல்கள் மடங்காமல் நீள வேண்டும். காலைத் தூக்கி உதறினால் குதிக்கால் வழுகக் கூடாது. உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்தால் உள்ளங்கால் வளைவில் இறுக்கம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். கடலில் தசைப்பிடிப்பு தொடங்குவது அந்த இடத்தில்தான். கொஞ்சம் தளர்வென்றால் மெல்லிய லைக்ரா மேசு காப்பாற்றும். இறுக்கத்துக்கு மருந்தில்லை.

திறந்த குதிக்கால் வகையைச் சப்பாத்தோடு மட்டுமே அளக்க வேண்டும். அதாவது சப்பாத்தை முதலில் வாங்க வேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்து இரண்டு முறை காசு செலவழிப்பவர்களைக் கடைக்காரர்கள் நிறையக் காண்கிறார்கள். பட்டியை இழுக்காமலே பாதத்தின் முக்கால் பங்கு கூட்டுக்குள் இறங்கி நிற்பது சரியான அளவு.

உடலின் மிதப்பும் ஒரு சங்கதி. காற்றுக் குறையக் குறைய அலுமினியச் சிலிண்டர் இலேசாகும். அதனோடு சிலரின் கால்கள் மேலே எழும்பித் தலை தாழும். அவர்களுக்குப் பாரமான றப்பர் துடுப்பு ஈயத்தின் வேலையையும் செய்யும். மெலிந்த, தசை இறுகிய கால்கள் உள்ளவர்களுக்கோ நிலைமை மறுபக்கம். நின்ற நிலையில் தொங்கும் கால்களில் இன்னும் இரண்டு கிலோவைக் கட்டினால் அவர்கள் அடியைக் கிளறிக்கொண்டே போவார்கள். பிளாஸ்டிக் கலவைத் துடுப்பே அவர்களுக்கு உகந்தது. ஸ்நோர்க்கல் மட்டும் செய்பவர் மிதக்கும் துடுப்பைத் தேடுவது இன்னொரு காரணத்துக்காக: கழன்றால் அது தண்ணீரின் மேலே நிற்கும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது வளரும் கால் என்று இரண்டு அளவு பெரிதாக எடுப்பது நம் வீடுகளின் வழக்கம். பாடசாலைச் சப்பாத்துக்கு அது சரிவரலாம். துடுப்பில் கூடாது. பட்டியை மாற்றியமைக்கக்கூடிய ஸ்நோர்க்கல் துடுப்புகள் சில அளவுகளை ஒன்றாகத் தாங்கும். அவற்றில் ஒன்று போதும். நீந்தத் தெரியாத பிள்ளையைத் துடுப்பு நீந்த வைக்காது, ஆழத்துக்கு வேகமாகக் கொண்டுபோகும் என்பதை மட்டும் பெரியவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

புதிய சோடியோடு நேரே கடலுக்குப் போகாமல் ஒரு நீச்சல் தடாகத்தில் கால் பழக்குவது புத்தி. கொட்டாஞ்சேனைப் பக்கத்தவருக்குச் சுகததாச விளையாட்டரங்கின் தடாகம் கைக்கெட்டிய தூரம்; துடுப்பு போட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போக வேண்டும். இடுப்பிலிருந்து உதைப்பதா, முழங்காலிலிருந்து சைக்கிள் மிதிப்பதா என்பது நான்கு நீளத்துக்குள் வெளிப்பட்டுவிடும். சைக்கிள் மிதிப்பவர் எந்த விலைத் துடுப்பிலும் முன்னே போவதில்லை.

1956-இல் இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் இந்தத் தெரிவுகள் எதுவுமில்லாத காலத்தில் இந்தத் தீவைச் சுற்றிச் சுழியோடியவர்கள். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களையும் தூண்களையும் வில்சன் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில் கண்டது 1950-களில், வெறும் றப்பர் துடுப்போடு. செங்குத்துப் பாறையில் அலை மோதித் திரும்பும் அந்த இடத்தில் கால் வலு உள்ளவருக்கே வேலை. அவரைப் போல் கடலே தொழிலாக இல்லாத, வருடத்தில் ஓரிரு முறை மட்டும் இறங்கும் கொழும்பு அலுவலக ஊழியருக்கு அந்த வலு இருக்காது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. மிதமான விறைப்பு அவருக்குப் போதும்.

தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். வருடம் முழுவதும் சிலிண்டரோடு இறங்குபவருக்கு ஒரு சோடி போதும்: திறந்த குதிக்கால், நடுத்தர நீள மடல், 3 மில்லிமீற்றர் சப்பாத்து. அது நிலாவெளிக்கும் பொறுக்கும். ஸ்நோர்க்கலோடு நிற்பவருக்கும் ஒன்றே போதும், குட்டை மடல் முழுப்பாதத் துடுப்பு; ஒரு கிலோ அளவில் நிற்பதால் இரவு ரயிலில் திருகோணமலைக்குப் போகும் தோள்பையிலும் அடங்கும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர் ஒரு பருவம் முழுவதும் சுழியோட்ட நிலையங்களில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது வாங்குவதைவிட மேல். வாடகைத் துடுப்பின் அளவையும் பெயரையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்தால், எது ஒத்துவந்தது என்று பிறகு தலையைச் சொறிய வேண்டியதில்லை.

வேலை முடிந்து நாடு திரும்பும் வெளிநாட்டவர்கள் கொழும்பில் விற்றுவிட்டுப் போகும் பழைய சோடிகள் சில வேளை அருமையாக அமையும். மடலும் பாதக்கூடும் சேரும் இடத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு விழுந்தால் அங்கேதான் அது முறியப் போகிறது. மடலின் நுனி ஒருபக்கம் சுருண்டிருந்தால், முந்திய சொந்தக்காரர் அதைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருந்தார் என்று பொருள், அது இலேசில் நேராகாது. பட்டி வெடித்திருந்தால் பரவாயில்லை, அதற்கு மாற்று வாங்கலாம், விலையைக் குறைக்கவும் அது உதவும். முழுப்பாத வகையை மட்டும் பழையதாக வாங்காதிருப்பது நல்லது: அந்த றப்பர் ஏற்கெனவே வேறொருவரின் காலுக்கு இளகிப் போயிருக்கும். வாங்கிய எதையும் கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பல்கனி வெயிலில் காயப் போடாமல், நிழலில் படுக்க வைக்க வேண்டும்.